போட்டி ரோபோவில் பேட்டரியை எங்கே வைப்பது, எப்படிப் பூட்டுவது: முழுமையான வழிகாட்டி

சேசிஸ், கியர்பாக்ஸ், கை, ரோலர் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் சந்தில் பேட்டரியைத் திணிப்பதுதான் புதிய அணிகள் செய்யும் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் அதிலிருந்தே கிளைக்கின்றன. சந்து குறுகல் என்பதால் பேட்டரி அமரும் தட்டு சரியாக அமையாது. தட்டு சரியில்லாததால் ஸ்ட்ராப் நிற்காது. பேட்டரி நகரும்போது லக் (கேபிள் முனையை பேட்டரியோடு போல்ட் போட்டு இணைக்கும் உலோக வளையம்) தளரும், ரோபோ ஆட்டத்தின் நடுவில் அணைந்துபோகும். ஆகவே பேட்டரியின் இடம் வரைபடத்தின் முதல் நாளிலேயே முடிவாக வேண்டும்.

இந்த வழிகாட்டி எஃப்ஆர்சி (ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்படிஷன் எனும் மாணவர் ரோபோ போட்டி) வகைப் போட்டிகளில் பயன்படும் 12 வோல்ட், 17 அல்லது 18 ஆம்பியர்-மணி கொண்ட மூடிய ஈய அமில பேட்டரிக்கானது. நீளம் சுமார் 181 மி.மீ., அகலம் 76 மி.மீ., டெர்மினலோடு (மேலே உள்ள மின்முனை) உயரம் 167 மி.மீ., எடை 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. லித்தியம் பொதிகளுக்குப் பொருந்தாதவை எவை என்பது 9ஆம் பகுதியில் இருக்கிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

- அந்த ஆண்டுக்கான விதிப்புத்தகம். பேட்டரி வகை, கேபிள் தடிமன், பிரேக்கர் (மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் சுவிட்ச்), கனெக்டர் ஆகியவற்றை அதுதான் முடிவு செய்கிறது. இங்கே சொல்வது விதியோடு முரண்பட்டால் விதியைப் பின்பற்றுங்கள்.
- போலி பேட்டரி: அதே அளவில் வெட்டிய மரக்கட்டை, உள்ளே இரும்புத் துண்டுகள் வைத்து 6 கிலோவாக்கியது. பொருத்திப் பார்க்கும் வேலை முழுவதையும் இதை வைத்தே செய்யுங்கள்.
- 6 கேஜ் செம்புக் கேபிள், அதற்குரிய லக்குகள், அந்த லக்குக்கு ஏற்ற கிரிம்ப் கருவி (லக்கைக் கேபிளின்மேல் அழுத்திப் பிடிக்கச் செய்வது).
- கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிய இரண்டு ஸ்பேனர்கள்.
- மல்டிமீட்டர், பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, ஒரு டப்பா சமையல் சோடா.

போலி பேட்டரியைச் செய்யச் சோம்பல்பட வேண்டாம். உண்மையான பேட்டரியை நூறு முறை இறக்கி ஏற்றிப் பார்த்தால், ஏதோ ஒரு முறை அது கைநழுவும்.

1. எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும் என்று கணக்கிடுங்கள்

வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடும் ரோபோ சுவரில் மோதுகிறது, பம்பர் 5 செ.மீ. அமுங்கி அதை நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை, நின்ற தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் 160 கிடைக்கும். அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 16 மடங்கு. அந்த நொடியில் 6 கிலோ பேட்டரி தன் தட்டின் சுவரை ஏறக்குறைய 100 கிலோ எடையின் பலத்தோடு தள்ளுகிறது.

இந்த எண்ணை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்ட்ராப்பையும் பார்த்து “இதில் ஒரு பெரிய ஆள் தொங்கினால் தாங்குமா?” என்று கேளுங்கள். ரோபோ கவிழவும் செய்யும் என்பதால் மேல்நோக்கிய திசைக்கும் இதே கேள்விதான்.

2. இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

ரோபோவில் நம் விருப்பப்படி நகர்த்தக்கூடிய ஒற்றைப் பெரிய எடை பேட்டரிதான். 60 கிலோ ரோபோவில் 6 கிலோ பேட்டரியை 30 செ.மீ. நகர்த்தினால், மொத்த ரோபோவின் எடைமையம் 3 செ.மீ. நகரும். உயரமான கையோ லிஃப்டோ உள்ள ரோபோ கவிழுமா நிற்குமா என்பதை அந்த 3 செ.மீ. முடிவு செய்யலாம்.

எனவே, தரையை ஒட்டிய தாழ்வான இடம் முதல் தேர்வு. முன்பின் திசையில் சக்கரங்களுக்கு நடுவே வையுங்கள். கனமான கை முன்புறம் நீளுமானால், அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். எவ்வளவு தள்ளுவது என்பதை ஊகிக்க வேண்டாம். கை முழுதாக நீண்டிருக்கும் நிலையில், நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எடை மெஷின் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பின் சக்கரங்களில் எடை மிகவும் குறைந்திருந்தால், சட்டென்று பிரேக் போட்டதும் ரோபோ முன்பக்கம் குப்புறும்.

வெளிச்சட்டத்தை ஒட்டி வைக்காதீர்கள். எதிரணியின் கையோ கொக்கியோ பம்பருக்கு மேலாக உள்ளே நுழைந்தால், முதலில் தொடும் பொருள் பேட்டரியாக இருக்கக்கூடாது. சங்கிலி, கியர், சுழலும் ரோலர் ஆகியவற்றுக்கும் பேட்டரிக்கும் நடுவே காற்று மட்டும் இருந்தால் போதாது, ஒரு தடுப்புத் தகடு வேண்டும்.

நிற்க வைப்பதா, படுக்க வைப்பதா? இவ்வகை பேட்டரியில் அமிலம் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறியிருப்பதால், பக்கவாட்டில் படுக்க வைத்தாலும் வேலை செய்யும். தலைகீழாக மட்டும் வைக்கக்கூடாது. சார்ஜ் ஏறும்போது வாயு வெளியேறும் வால்வு மேல்முகத்தில்தான் இருக்கிறது. படுக்க வைத்தால் பேட்டரியின் எடைமையம் சுமார் 4.5 செ.மீ. இறங்கும். ஆனால் முழு ரோபோவின் கணக்கில் அது அரை சென்டிமீட்டர்கூட இல்லை. அந்தச் சிறு லாபத்துக்காக, எளிதில் எடுக்க முடியாத மூலையில் பேட்டரியைப் படுக்க வைக்கும் அணிகள் உண்டு. எங்கள் தீர்ப்பு: எடுப்பது எளிதாக இருக்குமானால் நிற்க வையுங்கள்.

3. வெளியே எடுக்கும் பாதையை, ரோபோ அணைந்த நிலையில் சோதியுங்கள்

பெரும்பாலோர் தவறவிடும் படி இது. கணினி வரைபடத்தில் கை நேராக மேலே நிற்கும், பேட்டரிக்கு மேல் வானம் திறந்திருக்கும். ஆட்டம் முடிந்து மின்சாரம் போனதும் கை தன் எடையால் தொங்கிச் சரியும். பல ரோபோக்களில் அது வந்து அமரும் இடம் பேட்டரியின் தலைதான்.

ஆகவே மின்சாரம் இல்லாமல், எல்லாப் பாகங்களும் விழுந்து கிடக்கும் நிலையில், போலி பேட்டரியை எடுத்துப் பாருங்கள். மேல்வழியாக எடுப்பதென்றால் பேட்டரியின் உயரத்தோடு விரல்களுக்கும் 5 செ.மீ. இடம் வேண்டும். ஒருவர் தனியாக, எந்தக் கருவியும் இல்லாமல், 30 வினாடிக்குள் மாற்ற முடியவில்லையென்றால் இடத்தையோ தட்டையோ மாற்றுங்கள். மாற்றுவது கடினமாக இருந்தால், போட்டி நாளின் அவசரத்தில் யாராவது கேபிளைப் பிடித்து இழுத்து எடுப்பார்கள். அந்த ஒரு இழுப்பில் டெர்மினலின் அடிப்பகுதி விரிசல் விடும்.

4. தட்டைச் செய்யுங்கள்

தட்டு தடுக்க வேண்டியது பக்கவாட்டு நகர்வை. அடிக்கு 3 மி.மீ. பாலிகார்பனேட் அல்லது 9 மி.மீ. ப்ளைவுட், சுற்றுக்கு 25 மி.மீ. அலுமினிய ஆங்கிள், 3 மி.மீ. தடிமன். நான்கு பக்கமும் சுவர் வேண்டும். ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு “அங்கே ஸ்ட்ராப் பிடித்துக்கொள்ளும்” என்று நினைத்தால், மோதல் அந்தப் பக்கத்தில்தான் நடக்கும். பக்கவாட்டில் இழுத்து எடுக்கும் அமைப்பென்றால், நாலாவது சுவரைக் கீலோடு, தாழ்ப்பாளோடு செய்யுங்கள்.

உள்ளளவு பேட்டரியைவிட ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். வேறு வேறு நிறுவனங்களின் பேட்டரிகள் ஓரிரு மி.மீ. வித்தியாசப்படும், பழைய பேட்டரியின் பக்கங்கள் சற்று உப்பியும் இருக்கும். உங்களிடம் உள்ள எல்லா பேட்டரிகளையும் அளந்து, பெரியதற்கு ஏற்பச் செய்யுங்கள். மிஞ்சும் இடைவெளியை ரப்பர் ஷீட் ஒட்டி நிரப்பலாம். நிரப்பாமல் விட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் பேட்டரி சுவரில் இடித்து இடித்து, தட்டின் போல்ட்டுகளைத் தளர்த்திவிடும்.

தட்டைச் சட்டத்தின் குழாய்களோடு நான்கு எம்5 போல்ட்டுகளால் இணையுங்கள். மெல்லிய அடித்தகட்டில் மட்டும் இணைத்தால் தகடே வளைந்து தொங்கும். ரிவெட் வேண்டாம். பக்கவாட்டு வெட்டு விசையை அது தாங்கும், ஆனால் ரோபோ கவிழும்போது வரும் நேர் இழுப்பில் தலை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்தே உறுதிசெய்யுங்கள்: தட்டுக்குள் எந்த ஸ்க்ரூ முனையும் நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. போல்ட்டின் தட்டையான தலை உள்ளே, நட் வெளியே. விரலால் தட்டின் உட்புறத்தை முழுதாகத் தடவுங்கள். விரலில் கீறல் விழும் இடம், பத்து மோதலுக்குப் பின் பேட்டரியின் பிளாஸ்டிக்கில் ஓட்டை விழும் இடம்.

5. மேலிருந்து பூட்டுங்கள்

பக்கவாட்டைத் தட்டு பார்த்துக்கொள்ளும், மேல்நோக்கிய நகர்வை ஸ்ட்ராப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வேலைப்பிரிவு தெளிவாக இருந்தால் ஸ்ட்ராப்பை அளவுக்கு மீறி இறுக்க வேண்டிய அவசியம் வராது.

25 மி.மீ. அகல நைலான் ஸ்ட்ராப், கேம் பக்கிளோடு (கையால் இழுத்து இறுக்கியதும் பட்டையை அழுத்திப் பிடிக்கும் பூட்டு), இரண்டு போடுங்கள். ஒன்று தளர்ந்தாலும் மற்றது பிடிக்கும். ஸ்ட்ராப் தட்டின் அடியில் முழுதாகச் சுற்றி வர வேண்டும். சுவரின் விளிம்பில் ஒரு ஸ்க்ரூ போட்டு அதில் மாட்டிவிட்டால், அறுந்துபோவது அந்த ஸ்க்ரூ இருக்கும் ஓட்டைதான். வெல்க்ரோ பயன்படுத்தினால் 50 மி.மீ. அகலம், வளையத்தில் நுழைத்துத் திரும்பி 10 செ.மீ.க்குக் குறையாமல் ஒட்டும் நீளம் வேண்டும். பஞ்சும் தூசியும் படிந்த வெல்க்ரோ பிடிப்பை இழக்கும் என்பதால் பருவத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள்.

பயன்படுத்தக்கூடாதவை மூன்று. ரப்பர் கயிறு: நீளும், நீண்ட நொடியில் பேட்டரி தட்டின் சுவரைத் தாண்டிவிடும். கேபிள் டை: ஒவ்வொரு முறையும் வெட்ட வேண்டும், அவசரத்தில் புதியதைப் போட மறந்துபோகும். ராட்செட் ஸ்ட்ராப்: கையின் பலத்தைப் பல மடங்காக்கி பேட்டரியின் பிளாஸ்டிக் உறையை நசுக்கிவிடும்.

ஸ்ட்ராப் டெர்மினலுக்கு மேலோ லக்குக்கு மேலோ போகக்கூடாது. ஒவ்வொரு அதிர்வும் லக்கை அசைக்கும். ஸ்ட்ராப்புக்குப் பதில் உலோகப் பட்டையால் மேலிருந்து அமுக்கும் அமைப்பு வலுவானதுதான், ஆனால் அதன் அடிப்பக்கம் முழுவதும் ரப்பர் ஒட்டியிருக்க வேண்டும். வெறும் அலுமினியப் பட்டை நழுவி இரண்டு டெர்மினல்களையும் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும். பட்டை சிவக்கும், தீப்பிடிக்கும்.

6. லக்கைப் பொருத்துங்கள்

இந்தப் பகுதியை நிதானமாகச் செய்யுங்கள். 5 மில்லிஓம் கூடுதல் தடை என்பது கண்ணுக்குத் தெரியாத தளர்வு. எல்லா மோட்டார்களும் சேர்ந்து 200 ஆம்பியர் இழுக்கும் நொடியில் அந்தத் தளர்வு 1 வோல்ட்டை விழுங்கி, 200 வாட் வெப்பத்தை ஒரு நட்டின் அடியில் உருவாக்குகிறது. கட்டுப்பாட்டுக் கணினி மின்னழுத்தக் குறைவால் மோட்டார்களை நிறுத்தும். அணி முழுவதும் நிரலில் பிழை தேடிக்கொண்டிருக்கும்.

மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றுங்கள். கண்ணாடி அணியுங்கள். ஒரு டெர்மினலை முடித்து, மூடிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கவே கூடாது.

அடுக்கும் வரிசை இதுதான்: போல்ட்டின் தலை, லக், டெர்மினல், தட்டை வாஷர், நைலான் பூட்டு நட். லக்கின் தட்டையான முகம் டெர்மினலின் முகத்தை நேராகத் தொட வேண்டும். இரண்டுக்கும் நடுவே வாஷர் போடுவதுதான் அடிக்கடி காணும் தவறு. வாஷர் எஃகு. செம்பைவிட மோசமான கடத்தி, தொடும் பரப்பும் சிறிது. மின்சாரம் போகும் வழியில் அதற்கு இடமில்லை, அதன் இடம் நட்டின் அடியில்.

இறுக்கும்போது ஒரு ஸ்பேனர் போல்ட்டின் தலையில், இன்னொன்று நட்டில். ஒன்றை மட்டும் வைத்து முறுக்கினால், டெர்மினல் பிளாஸ்டிக்கோடு சேரும் இடத்தில் முறுக்கு விழுந்து அடைப்பு உடையும். இறுக்கியதும் லக்கின் கழுத்தை இரண்டு விரலால் பிடித்து இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். மயிரிழை அசைந்தாலும் தளர்வுதான். கழற்றி, முகங்களைத் துடைத்து, மறுபடி பூட்டுங்கள்.

பிறகு மூடுங்கள். முதலில் ரப்பர் டேப், அதன்மேல் இன்சுலேஷன் டேப், அல்லது ஹீட் ஷ்ரிங்க் (சூடுபட்டால் சுருங்கி இறுகும் குழாய்). போல்ட்டின் முனை உட்பட எந்த உலோகமும் வெளியே தெரியக்கூடாது.

லக்கைக் கேபிளோடு சேர்ப்பது கிரிம்ப் மூலமாகத்தான். சாதாரணக் குறடால் நசுக்கியது கிரிம்ப் ஆகாது. சால்டர் மட்டும் வைத்தால் உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி, கேபிளை அந்த இடத்தில் கம்பி போல விறைப்பாக்கும். அதிர்வில் சரியாக அந்த விளிம்பில் இழைகள் முறியும். கிரிம்ப் ஆனதும் லக்கை வைஸில் பிடித்து, கேபிளை முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள்.

7. கேபிளும் கனெக்டரும்

6 கேஜ் செம்பு ஒரு மீட்டருக்கு சுமார் 1.3 மில்லிஓம். பேட்டரியிலிருந்து பிரேக்கர் ஒரு மீட்டர் தூரம் என்றால், போக வர 2.6 மில்லிஓம். 200 ஆம்பியரில் அரை வோல்ட் போச்சு. பிரேக்கரைப் பேட்டரிக்கு அருகில் வைப்பதற்கு இதுவே காரணம். கேபிளைச் சுருட்டி ஒளித்து வைக்காமல், தேவையான நீளத்தில் வெட்டுங்கள்.

ரோபோவின் பக்கமுள்ள கனெக்டரை (பொதுவாக ஆண்டர்சன் எஸ்பி50) அதன் இரண்டு துளைகள் வழியே போல்ட் போட்டுச் சட்டத்தில் பொருத்துங்கள். அப்போது ஒரு கையால் செருகலாம், இழுப்பு பிரேக்கரின் முனைக்குப் போகாது. பேட்டரியின் பக்கக் கேபிளில் 8 முதல் 10 செ.மீ. தளர்ச்சி இருக்கட்டும். மோதலில் பேட்டரி 2 மி.மீ. நகர்ந்தாலும் அந்த நகர்வைக் கேபிளின் வளைவு ஏற்றுக்கொள்ள வேண்டும், லக் ஏற்கக்கூடாது. அந்த வளைவு எந்தச் சங்கிலிப் பல்லுக்கும் எட்டாதபடி கட்டிவிடுங்கள்.

கனெக்டரின் நிறங்களைக் கலக்காதீர்கள். எஸ்பி வகையில் ஒவ்வொரு நிறமும் ஒரு மின்னழுத்தத்துக்கு உரியது, பூட்டும் சாவியும் போல அதே நிறத்தோடு மட்டும் பொருந்தும் வடிவம் கொண்டது, வேறு நிறங்கள் சரியாக இணையாது. சிவப்பு, கறுப்புக் கேபிள்கள் எந்தப் பக்கம் என்பதை இணைக்கும் முன் மல்டிமீட்டரால் பாருங்கள். ஒரே ஒரு பேட்டரியில் மாறியிருந்தால் போதும், ரோபோவின் மின்னணுப் பாகங்கள் பல ஒரே நொடியில் போய்விடும்.

இணைத்து முடித்ததும் பேட்டரி இல்லாத நிலையில், கனெக்டரின் ஒவ்வொரு முனைக்கும் சட்டத்தின் வெற்று உலோகத்துக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் கேளுங்கள். ‘பீப்’ ஒலித்தால் எங்கோ தோல் உரிந்த கேபிள் சட்டத்தைத் தொடுகிறது.

8. சோதனை: மென்மையானதில் தொடங்கிக் கடுமையானதில் முடியுங்கள்

முதல் மூன்று சோதனைகளையும் போலி பேட்டரியோடு செய்யுங்கள். பூட்டிய பேட்டரியைக் கையால் ஆறு திசையிலும் பலமாகத் தள்ளி இழுங்கள். அடுத்து, ரோபோவை நான்கு பக்கமும் ஒவ்வொன்றாகச் சாய்த்து, பக்கவாட்டில் நிறுத்துங்கள். பிறகு நான்கு பேர் சேர்ந்து தலைகீழாகத் தூக்கி உலுக்குங்கள். கீழே யாருடைய காலும் இருக்க வேண்டாம். இதில் பேட்டரி 2 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் 4ஆம் படிக்குத் திரும்புங்கள்.

இவற்றில் தேறிய பிறகுதான் உண்மையான பேட்டரி. பாதி வேகத்தில் பம்பரோடு சுவரில் மோதுங்கள், பிறகு முழு வேகத்தில். பத்து நிமிடம் கடுமையாக ஓட்டிவிட்டு, பிரேக்கரை அணைத்து, லக்குகளைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு லக்கும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் அந்த இணைப்பு கெட்டிருக்கிறது.

9. லித்தியம் பாலிமர் பொதி என்றால்

மேலே சொன்ன பூட்டும் முறை இதற்கு ஆபத்தானது. அந்தப் பொதிக்கு விறைப்பான ஓடு இல்லை, மெல்லிய உறைதான். ஸ்ட்ராப் அழுத்தினாலோ முனை குத்தினாலோ உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டுத் தீப்பிடிக்கும். ஆகவே விறைப்பான பெட்டி, அதன் உள்ளே எல்லாப் பக்கமும் ஃபோம், ஸ்ட்ராப் பெட்டியின்மேல் மட்டும். உப்புவதற்கு இடம் விடுங்கள். உப்பிய பொதியை மறுபடி ரோபோவில் வைக்காதீர்கள்.

10. போட்டி நாளில் மாற்றும் வரிசை

எடுக்கும்போது: பிரேக்கரை அணை, கனெக்டரைப் பிரி, ஸ்ட்ராப்பை அவிழ், உடலைப் பிடித்துத் தூக்கு. வைக்கும்போது: தட்டில் வை, ஸ்ட்ராப்பைப் போடு, கனெக்டரைச் செருகு, பிரேக்கரைப் போடு. ஸ்ட்ராப் எப்போதும் கனெக்டருக்கு முன். பூட்டாத பேட்டரியைச் செருகிவிட்டால் ரோபோ உயிர்பெற்றுவிடும், எல்லாரும் வேலை முடிந்தது என்று நகர்ந்துவிடுவார்கள். செருகாத பேட்டரியோடு களத்துக்குப் போனால் அந்தத் தவறு உடனே தெரியும். ஸ்ட்ராப் போடாத தவறு முதல் மோதலில்தான் தெரியும்.

மாற்றுபவர் ஒருவர், பார்ப்பவர் இன்னொருவர். பார்ப்பவர் ஸ்ட்ராப்பைக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு ‘பூட்டியாச்சு’ என்று வாய்விட்டுச் சொல்லட்டும்.

11. பேட்டரி கீழே விழுந்தால்

விழுந்த பேட்டரி வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அதை மறுபடி ரோபோவில் வைக்கக்கூடாது. உள்ளே தகடுகளை இணைக்கும் பட்டை விரிசல் விட்டிருக்கலாம். மேசையில் 12.8 வோல்ட் காட்டும், களத்தில் மோட்டார்கள் இழுத்ததும் சரிந்துவிடும். அழியாத மையால் அதன்மேல் பெருக்கல் குறி போட்டுத் தனியே வையுங்கள்.

ஈரம் கசிந்தால் அது கந்தக அமிலம். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிந்து, சமையல் சோடாவைத் தூவுங்கள். நுரை அடங்கும் வரை தூவிக்கொண்டே இருந்து, பிறகு துடைத்தெடுங்கள். தோலில் பட்டால் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள். தட்டின் ரப்பரும் ஸ்ட்ராப்பும் அமிலத்தை உறிஞ்சியிருக்கும் என்பதால், அடுத்த பேட்டரியை வைக்கும் முன் இரண்டையும் மாற்றிவிடுங்கள்.